நதி விலகிப்போன ஊரில் ஒரு நகைப் பட்டறை

நகை ஆசாரி வீட்டுப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்கும் முன் காதைப் பார்த்துவிடுவார்கள். கோவையில் பிறந்து வளர்ந்த அவளுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஐ.டி வேலையில் இரண்டு வருட ப்ராஜெக்ட்டுக்காகக் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவுக்குப் போன பிறகும் அது அவளை விடவில்லை.

ஒருநாள் பக்கத்து சீட்டுத் தோழி புதுக் கம்மல் போட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளிக் கம்மல், ஐந்து இதழ் பூ. இதழ்களுக்குள் தகடு கிடையாது. தலைமுடியைவிடக் கொஞ்சமே தடிமனான கம்பிகள் சுருள் சுருளாக நிறைந்திருந்தன. அவள் அதைக் கையில் வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள். வேலை தெரிந்தவர்கள் நகையின் முதுகைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பற்று வைத்த தடமே தெரியவில்லை.

"கை வேலைதான். மோம்போஸ் ஊரில் எங்கள் பாட்டி வாங்கியது" என்றாள் தோழி.

அன்றிரவு அவள் போனில் அந்த ஊரைத் தேடினாள். கொலம்பியாவின் பெரிய நதியான மக்தலேனாவின் ஒரு கிளையோரம், கடற்கரையிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் உள்ளே, சதுப்பும் ஏரியுமாகக் கிடக்கும் தாழ்நிலத்தின் நடுவே ஒரு புள்ளி. விமானத்தில் கார்த்தஹேனா வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரத்துக்கும் மேல். "அங்கே எதற்கு? கார்த்தஹேனாவில் கடல் இருக்கிறதே!" என்றார்கள் அலுவலகத்தில்.

எதற்கு என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

செத்துப்போன வேலை

அவளுடைய அப்பா முப்பத்தைந்து வருடம் நகைப் பட்டறை வைத்திருந்தவர். பட்டறை என்றால் பெரிதாக எதுவும் இல்லை, வீட்டின் முன்னறைதான். ஒரு மணைப்பலகை, உமி ஓடு, ஊதுகுழல், குறடு, சாமணம், சின்னச் சுத்தியல். கம்பி இழுக்க ஒரு கம்பி அச்சு. தகடு தட்ட, கையால் சுற்றும் ஓர் உருட்டு மிஷின். கடைக்காரர்கள் தங்கத்தை எடை போட்டுத் தருவார்கள். அப்பா அதை நகையாக்கி எடை போட்டுத் திருப்பித் தருவார். கூலியும் சேதாரமும்தான் வருமானம்.

பிறகு வார்ப்பு மிஷின்கள் வந்தன. ஓர் ஆசாரி ஒரு வாரம் குனிந்து உட்கார்ந்து செய்யும் மோதிரத்தை மிஷின் ஒரே நாளில் கொத்துக் கொத்தாகத் தள்ளியது. தெருவில் இருந்த பட்டறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. சிலர் ஏ.டி.எம் வாசலில் செக்யூரிட்டி ஆனார்கள். சிலர் ஆட்டோ ஓட்டினார்கள். அப்பாவும் எட்டு வருடங்களுக்கு முன் பட்டறையை மூடிவிட்டு ஒரு துணிக்கடையில் பில் சரிபார்க்கப் போனார். முழங்கால் வலி வந்த பிறகு அதையும் விட்டுவிட்டார்.

பத்து வயதில் அவள் ஒருமுறை மணைப்பலகையில் உட்கார்ந்து சாமணத்தைக் கையில் எடுத்திருக்கிறாள். அப்பா திட்டவில்லை. சாமணத்தை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, "இந்தப் புகையெல்லாம் உனக்கு வேண்டாம் அம்மிணி, போய்ப் படி" என்றார். அவள் படித்தாள். பட்டறையை மூடிய பிறகு யாராவது பழைய வேலையைப் பற்றிக் கேட்டால் அப்பாவிடம் ஒரே பதில்தான் வரும். "அது செத்துப்போச்சுங்க."

அந்த வார்த்தைக்குப் பிறகு வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பாலம் என்றொரு விடுமுறை

கொலம்பியாவில் திங்கட்கிழமை விடுமுறையோடு சேர்ந்து வரும் மூன்று நாள்களை 'புவெந்தே' என்பார்கள். ஸ்பானிய மொழியில் அதற்குப் பாலம் என்று அர்த்தம். அப்படி ஒரு பாலத்தில்தான் அவள் கிளம்பினாள். வெள்ளி இரவு விமானம். சனிக்கிழமை விடியற்காலையில் கார்த்தஹேனாவிலிருந்து பஸ்.

பஸ்ஸில் சுற்றுலாப் பயணிகள் குறைவு. ஊருக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். மடியில் கேக் டப்பாவோடு ஒரு பாட்டி, மின்விசிறியைப் பெட்டியோடு தூக்கி வந்த இளைஞன், தூங்கும் குழந்தைகள். வழியெல்லாம் மேய்ச்சல் நிலம், கொக்குகள், தண்ணீரில் முழங்கால் வரை நின்ற மாடுகள். ஓரிடத்தில் பஸ் நீளமான பாலத்தில் ஏறியது. கீழே பழுப்பு நிறத்தில் அகண்டு ஓடியது மக்தலேனா.

"இந்தப் பாலம் இல்லாத காலத்தில் இங்கே இறங்கி, வண்டியோடு படகுக்குக் காத்திருப்போம். படகுக்காரன் மனசு வைத்தால்தான் வீடு" என்றார் கேக் டப்பாப் பாட்டி. 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்தப் பாலம் 2020-ல்தான் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 480 வயதான ஊருக்குச் சாலை ஒழுங்காக வந்து சேர்ந்து சில வருடங்களே ஆகின்றன.

மோம்போஸில் இறங்கியபோது மதியம். வெயில் முகத்தில் அறைந்தது. தெருவில் ஈ, காக்காய் இல்லை. வெள்ளைச் சுவர்கள், ஓட்டுக் கூரைகள், தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் எழும்பும் ஜன்னல்கள், அவற்றுக்கு இரும்புக் கம்பி வலைகள். கதவுகள் திறந்திருந்த வீடுகளுக்குள் முற்றமும் அதில் ஒரு மாமரமும் தெரிந்தன. காரைக்குடிப் பக்கம் மதிய நேரத்தில் நடக்கும்போது வரும் அமைதி போலத்தான் இருந்தது.

நதி எடுத்த முடிவு

ஸ்பானியர்கள் இந்த ஊரை 1540 வாக்கில் உருவாக்கினார்கள். கடற்கரையில் இருக்கும் கார்த்தஹேனாவுக்கும் மலைமேல் இருக்கும் பொகோட்டாவுக்கும் இடையே அன்று மக்தலேனாதான் நெடுஞ்சாலை. மேலே போகும் சரக்கும் கீழே வரும் பொன்னும் மோம்போஸில் நின்றுதான் போயின. கடற்கொள்ளையர்கள் எட்ட முடியாத தூரம் என்பதால் செல்வந்தர்கள் இங்கே வீடு கட்டினார்கள். தேவாலயங்கள் எழுந்தன. பொற்கொல்லர்களும் வந்து சேர்ந்தார்கள்.

தென் அமெரிக்க விடுதலை வரலாற்றிலும் இந்த ஊருக்கு இடம் உண்டு. 1810 ஆகஸ்ட் 6 அன்று ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலை என்று துணிந்து அறிவித்தது மோம்போஸ். இரண்டு வருடம் கழித்து, கையில் பெரிய படை எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்த சிமோன் பொலிவாருக்குச் சுமார் 400 ஆட்களைக் கொடுத்தது. தனக்கு உயிர் தந்தது காரகாஸ் என்றால் புகழ் தந்தது மோம்போஸ் என்று பொலிவார் சொன்னதாக ஊர் முழுக்க நினைவுகூர்கிறார்கள். அவர் வந்துபோன தேதிகளை வரிசையாகப் பொறித்த கல் ஒன்று ஆற்றங்கரையில் இன்றும் நிற்கிறது.

இப்படி இருந்த ஊரை எந்தப் படையும் அழிக்கவில்லை. நதிதான் தன் போக்கை மாற்றிக்கொண்டது.

மோம்போஸுக்கு மேற்புறத்தில் மக்தலேனா இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மோம்போஸ் கிளை. மற்றொன்று லோபா கிளை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மோம்போஸ் கிளையில் வண்டல் படிந்து மேடு தட்டியது. தண்ணீர் லோபா பக்கம் சாய்ந்தது. தண்ணீர் போன பக்கம் நீராவிக் கப்பல்களும் போயின. கப்பல் போன பக்கம் வியாபாரிகள் போனார்கள். மோம்போஸ் அப்படியே நின்றுவிட்டது.

பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லை. அதனால்தான் அந்த வீடுகள் தப்பின. 1995-ல் யுனெஸ்கோ இந்த ஊரின் பழைய பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று நாம் 'எவ்வளவு அழகு' என்று போட்டோ எடுக்கும் ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும், வேறு வழியில்லாமல் இங்கேயே இருந்துவிட்ட ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது.

சாய்வு நாற்காலிகள் வெளியே வரும் நேரம்

ஐந்து மணிக்கு மேல் ஊர் கண் விழித்தது. கதவுகள் திறந்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மரச் சட்டமும் பிரம்புப் பின்னலுமாக ஆடும் சாய்வு நாற்காலிகள் வாசலுக்கு வந்தன. மோம்போஸ்காரர்கள் இந்த நாற்காலிகளைத் தாங்களே செய்கிறார்கள். அதில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுப் பேசுவதுதான் மாலைப் பொழுது. நம் திண்ணைக்குக் கால் முளைத்து ஆடத் தொடங்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

ஆற்றோரமாகவே நீளும் கரைத் தெருவில் அவள் நடந்தாள். வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய மதிலை ஒட்டிய தெரு அது. சாந்தா பார்பரா தேவாலயத்தின் எண்கோண மணிக்கூண்டு மஞ்சள் வெயிலில் நின்றது. நடுவில் அதைச் சுற்றி ஒரு பால்கனி. மணிக்கூண்டுக்கு எதற்குப் பால்கனி என்று அவள் கேட்டாள். "ஆறு எங்கே போகிறது என்று பார்க்கத்தான்!" என்று ஒரு தாத்தா சிரித்தார்.

ஆறு எங்கேயும் போய்விடவில்லை. மெலிந்து, பச்சைப் பாசித் திட்டுகளை இழுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு மீன்பிடிப் படகு. துணி துவைக்கும் ஒரு பெண். கரையில் அசையாமல் கிடந்த உடும்பு மாதிரியான ஒரு பெரிய இகுவானா. கப்பல்களுக்குப் போதாது என்று சொல்லப்பட்ட தண்ணீர் இவர்களுக்கெல்லாம் போதுமானதாக இருந்தது.

தெருமுனையில் சுருளாகச் சுற்றிய, இழை இழையாகப் பிரியும் பாலாடைக்கட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அவள் நகைக்கடைகள் இருக்கும் நடுத்தெருவுக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிகளில் பூக்கள், பட்டாம்பூச்சிகள், அசையும் குட்டி மீன்கள். மீன்களைப் பார்த்ததும் அவளுக்கு காப்ரியல் கார்சியா மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவல் நினைவுக்கு வந்தது. அதில் ஒரு கர்னல் வயதான காலத்தில் தங்க மீன்களைச் செய்வார், உருக்குவார், மறுபடி செய்வார். நாவலைப் படித்தபோது அவளுக்கு அந்த இடம் விசித்திரமாகவே தோன்றவில்லை. அவளுடைய வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார்.

"இதைச் செய்யும் இடத்தைப் பார்க்க முடியுமா?" என்று ஒரு கடையில் கேட்டாள். "எங்கள் மாமாவின் பட்டறை பின் தெருவில். நாளைக் காலை ஒன்பதரைக்கு வாருங்கள்" என்றாள் கடைப் பெண்.

"பொடி வெச்சு ஊதறாரு பாரு!"

பட்டறை என்றது ஒரு வீட்டின் முன்னறை. அவள் வாசலிலேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டாள். ஜன்னலோரம் மர மேஜை, கருகிய செங்கல், குறடுகள், சாமணம், தண்ணீர்க் கிண்ணம், கீழே விழும் வெள்ளித் தூள் வீணாகாமல் பிடிக்க விரித்த தோல். மேஜை உயரத்தில் இருந்தது. அப்பாவுடையது தரையோடு இருந்தது. வேறு பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அறுபதைத் தாண்டிய அந்தக் கைவினைஞரை எல்லோரும் 'மாயெஸ்த்ரோ' என்று கூப்பிட்டார்கள். ஆசிரியர் என்று பொருள். நம் 'ஆசாரி'யும் 'ஆசார்யா'விலிருந்து வந்த சொல்தானே என்று அவளுக்குத் தோன்றியது. உலகத்தின் இரண்டு மூலைகளில், உலோகத்தோடு வேலை செய்பவரை மக்கள் ஒரே மரியாதையோடு கூப்பிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கம்பி வேலைக்கு அங்கே 'ஃபிலிகிரானா' என்று பெயர். நூல், மணி என்னும் இரண்டு லத்தீன் சொற்கள் சேர்ந்தது. நம் நாட்டில் ஒடிசாவின் கட்டாக்கிலும் தெலங்கானாவின் கரீம்நகரிலும் வெள்ளியில் இதே பாணி வேலை உண்டு. அரபுகளிடம் கற்ற நுட்பத்தை ஸ்பானியர்கள் மோம்போஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால், அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த வட்டாரத்தில் வாழ்ந்த செனூ மக்கள் வேறொரு வழி கண்டிருந்தார்கள். மெழுகை நூல்போல இழுத்து வடிவம் செய்து, அதைத் தங்கத்தில் வார்த்தார்கள். வலை பின்னியது போன்ற அவர்களின் அரைவட்டக் காதணிகளை அவள் பொகோட்டாவின் தங்க அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறாள்.

மாயெஸ்த்ரோ வேலையைத் தொடங்கினார். வெள்ளிக் குச்சியை உருட்டு மிஷினில் கொடுத்து மெலிதாக்கினார். பிறகு துளைகள் வரிசையாக இருந்த ஓர் இரும்புத் தகட்டை எடுத்தார். பெரிய துளையில் கம்பியை நுழைத்து இழுத்தார். அடுத்து அதைவிடச் சின்னது. அடுத்து அதைவிடச் சின்னது.

கம்பி அச்சு! அவள் யோசிக்கவே இல்லை. மணி பத்து, கோவையில் இரவு எட்டரை. வீடியோ காலில் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"சாப்டியா அம்மிணி? அங்க விடிஞ்சாச்சா?"

"அப்பா, ஒண்ணு காட்டறேன் பாருங்க." அவள் கேமராவைத் திருப்பினாள்.

முதலில் அப்பாவிடமிருந்து சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று அவள் பார்த்தாள். இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போயிருந்தார். மாட்டிக்கொண்டு வந்து, முகம் திரையை முட்டும் அளவுக்குக் கிட்டே வந்தார்.

"எத்தன ஓட்டைல இழுக்கறாருன்னு கேளு."

அவள் கேட்டாள். மாயெஸ்த்ரோ விரல்களை விரித்துக் காட்டினார். இருபதுக்கும் மேல்.

"நடுவுல காய்ச்சறாரா? காய்ச்சாம இழுத்தா அறுந்துபோகுமே."

அதையும் கேட்டாள். மாயெஸ்த்ரோ கேமராவை நிமிர்ந்து பார்த்தார். கேள்வி கேட்டவர் யாரென்று அவருக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. "உங்கள் அப்பாவும் இந்த வேலையா?" என்றார். அதன்பின் அவள் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அவர் ஒவ்வொன்றையும் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினார். இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கினார், முறுக்கியதை உருட்டித் தட்டையாக்கினார், தடித்த கம்பியில் இதழின் சட்டம் வளைத்தார். அப்பா இந்தப் பக்கம் "ம்ம்... ம்ம்..." என்று ஆமோதித்தார்.

சட்டத்துக்குள் சுருள்களை நிரப்பும் வேலை மாயெஸ்த்ரோவின் மருமகளுடையது. இருபத்தைந்து வயதிருக்கும். சாமண நுனியில் கம்பியைச் சுற்றி, உள்ளே வைத்து, அடுத்ததைச் சுற்றி, உள்ளே வைத்து... விரல்கள் எங்கும் நிற்கவில்லை.

"பொம்பளப் புள்ளையா நிரப்புது?" என்றார் அப்பா.

"ஆமாங்கப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா நிரப்புது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மாயெஸ்த்ரோ நிரப்பி முடித்த பூவைச் செங்கல் மேல் வைத்தார். வெண்காரத்தோடு அரம்பொடியாக இருந்த பற்றுவெள்ளியை இரண்டு விரல்களால் எடுத்து, கோலப்பொடி தூவுவதுபோல் மேலே தூவினார். ஊதுசுடரைப் பூவுக்கு நேராகக் காட்டினார்.

"அட! பொடி வெச்சு ஊதறாரு பாரு!" என்று அப்பா சத்தமாகச் சிரித்தார்.

மறைமுகமாகப் பேசுவதைப் 'பொடி வைத்து ஊதுவது' என்று நாம் சொல்கிறோம். அது நகைப் பட்டறையிலிருந்து பேச்சுக்கு வந்த வார்த்தை. அப்பாவை அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது என்று அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். பட்டறை பூட்டிய பிறகு இல்லை.

ரிப்பேருக்குப் போன மிஷின்

அழைப்பை முடிக்கும் முன் அப்பா மறுபடி அந்த உருட்டு மிஷினைக் காட்டச் சொன்னார். பச்சை வண்ணம் உதிர்ந்து, கைப்பிடி தேய்ந்து வழவழப்பான பழைய மிஷின்.

"நம்மகிட்ட இருந்ததும் இதே மாதிரிதான். கைப்புடி மட்டும் கொஞ்சம் நீளம்."

"அது என்னாச்சுங்கப்பா? ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொன்னீங்க. அப்புறம் வரவே இல்லயே."

அப்பா சிரிப்பு மாறாமலே சொன்னார். "அதுவா? அது உன்ற மூணாவது வருச ஃபீஸு."

சொல்லிவிட்டு, "சரி, வெயில்ல சுத்தாத. தண்ணி குடி" என்று போனை வைத்துவிட்டார்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வருடம் என்றால், நல்ல லேப்டாப் வேண்டும் என்று அவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த வருடம். மிஷின் இல்லாமல் ஆசாரி எப்படி வேலை செய்வார்? அடுத்த வருடமே பட்டறை மூடியதற்கு வார்ப்பு மிஷின்களை மட்டுமே அவள் இத்தனை நாளும் காரணமாக நினைத்திருந்தாள்.

மருமகள் எழுந்துபோய் ஒரு டம்ளரில் குளிர்ந்த பழச்சாறு கொண்டுவந்து வைத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

சற்றுப் பொறுத்து அவள்தான் கேட்டாள். "இந்த வேலை செத்துப்போகும் என்று நீங்கள் நினைத்ததுண்டா?"

மாயெஸ்த்ரோ உடனே மறுக்கவில்லை. தன் மகன் இந்த மேஜையில் ஒருநாளும் உட்காரவில்லை, மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறான் என்றார். படகுக்குக் காத்திருந்த காலத்தில் மாதத்துக்கு இரண்டு கம்மல் விற்றால் பெரிது. இப்போது பாலம் வந்ததால் விடுமுறை நாள்களில் ஆட்கள் வருகிறார்கள், விற்கிறது. அதே பாலம் வழியாக மிஷினில் அடித்த மலிவு நகையும் வருகிறது, மோம்போஸ் நகை என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். "பாலத்துக்கு யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தெரியாது. எல்லோரையும் விடும்" என்றார்.

பிறகு சாமணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "என் மகன் வரவில்லை. ஆனால் மருமகள் வந்தாள். யார் வருவார்கள் என்று நாம் முடிவு செய்ய முடியாது. வருகிறவர்களுக்கு மேஜையில் இடம் விட்டு வைக்கலாம், அவ்வளவுதான்."

ஓட்டம் மாறும், தண்ணீர் இருக்கும்

அன்று மாலையும் அவள் ஆற்றங்கரை மதிலில் உட்கார்ந்தாள். நாற்காலிகள் மறுபடி வாசலுக்கு வந்தன. எங்கோ ஒரு வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

இந்த ஊரைப் பற்றி அவள் படித்த எல்லாக் குறிப்புகளும் 'காலம் உறைந்துபோன ஊர்' என்றுதான் தொடங்கின. அப்படி எதுவும் உறைந்துபோனதாக அவளுக்குத் தெரியவில்லை. நதி போன பிறகு நூற்றைம்பது வருடங்களாக இங்கே ஆட்கள் தினமும் எழுந்து கதவைத் திறந்து, மீன் பிடித்து, நாற்காலி செய்து, கம்பி இழுத்திருக்கிறார்கள். கப்பல்கள் வரவில்லையே என்று யாரும் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்த வசதியும் இல்லை. ஊரைக் காப்பாற்றியதில் பாதி வறுமை, பாதி பிடிவாதம். இதில் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு வறுமையை மறந்துவிட்டால் அது நியாயம் ஆகாது என்றும் தோன்றியது.

அப்பாவின் வேலைக்கும் இதுதான் நடந்திருக்கிறது. அது செத்துப்போகவில்லை. ஓட்டம் வேறு கிளைக்குப் போய்விட்டது. நகை வாங்குவதை உலகம் நிறுத்தவில்லை, வாங்கும் வழியை மாற்றிக்கொண்டது. கரையில் நின்றவர்களிடம் எந்த நதியும் அனுமதி கேட்பதில்லை. அப்பா கடைசி மிஷினையும் விற்று, மகளை மட்டும் ஓட்டம் போன பக்கம் அனுப்பிவைத்துவிட்டார். அவள் அந்த ஓட்டத்திலேயே மிதந்து, இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் ஒரு கம்பி அச்சின் முன்னால் கரை ஒதுங்கியிருக்கிறாள்.

அன்று காலை கிளம்பும்போது அவள் ஒரு ஜோடி கம்மல் வாங்கியிருந்தாள். காசு கொடுத்த பிறகு மாயெஸ்த்ரோ ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ மடித்துக் கொடுத்தார். "இது உங்கள் அப்பாவுக்கு. விலை இல்லை." பிரித்துப் பார்த்தால், முறுக்கித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, ஒரு சாண் நீளம். எந்த வடிவமும் செய்யப்படாத வெறும் கம்பி.

முடித்த நகையை ஆசாரிக்குப் பரிசாகக் கொடுக்கக் கூடாது, வேலை செய்ய ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

திங்கட்கிழமை விடியற்காலை. பஸ் நிற்கும் இடத்தில் பையோடு உட்கார்ந்திருந்தபோது அவள் போனில் வாட்ஸ்அப் சத்தம் கேட்டது. அப்பா. அங்கே சாயங்காலமாகியிருக்கும்.

ஒரு போட்டோ. வீட்டுத் தரையில் விரித்த பழைய செய்தித்தாள். அதன்மேல் கம்பி அச்சு. துரு போகத் துடைத்து எண்ணெய் தடவியிருந்தது. பக்கத்தில் குறடு, சாமணம், ஊதுகுழல். உமி ஓடு மட்டும் இல்லை. இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார்? பரண் மேல் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு, அதை யாரும் திறப்பதில்லை.

போட்டோவுக்குக் கீழே பாராட்டோ விளக்கமோ எதுவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் வந்தது.

"அங்க வெள்ளி கிராம் என்ன வெல?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தெரியாது என்று எழுதப் போனவள் நிறுத்திவிட்டு மணி பார்த்தாள். பஸ் கிளம்ப இன்னும் முப்பது நிமிடம் இருந்தது. பின் தெரு, நடந்தால் ஐந்து நிமிடம். பையைக் கேக் டப்பாப் பாட்டி மாதிரியே இருந்த இன்னொரு பாட்டியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் பட்டறையை நோக்கி வேகமாக நடந்தாள்.